மணல் கொட்டகையின் பிரிண்டர்

எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், அரசாங்கத்தில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள். பிறப்புச் சான்றிதழ் கொடுக்கும் ஜன்னலில் இருப்பது முதல் தெருநாய் பிடிக்கிறவர் மேசையில் இருப்பது வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள இரண்டே பேர். பெர்னடெட் மேலாளர். அவருக்குக் கீழே வேலை செய்கிற ஒரே ஆள் நான், டேரில். இருபத்தோரு வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

அந்த ஜனவரியில் பழைய சிஸ்டத்துக்கு ஆயுள் முடிந்துவிட்டது. இனி அதற்குப் பாதுகாப்பு அப்டேட் வராது. வெள்ளிக்கிழமைக்குள் எல்லாக் கம்ப்யூட்டரும் புதிய சிஸ்டத்துக்கு மாற வேண்டும், ஒன்றுகூட விலக்குப் பட்டியலில் இருக்கக் கூடாது, இருந்தால் காப்பீட்டைப் புதுப்பிக்க மாட்டோம் என்று காப்பீட்டு நிறுவனம் எழுதிவிட்டது. பெர்னடெட் அந்தக் கடிதத்தைக் காப்பி மெஷினுக்கு மேலே ஒட்டி வைத்தார். காப்பி ஊற்றும்போதெல்லாம் அது என் முகத்தைப் பார்க்கும்.

மாற்றுவது பெரிய வித்தையில்லை. நாங்கள் இங்கிருந்து அனுப்புகிறோம், அது அங்கே போய் ஏறிக்கொள்கிறது. ஏறுவதற்கு முன்னால் "இப்போதா, பிறகா?" என்று கேட்கும். பதினான்கு தடவை "பிறகு" என்று அழுத்தலாம். பதினைந்தாவது தடவை கேட்காமலே தொடங்கிவிடும். அப்போது எனக்குப் போன் வரும், திடீரென்று என்னவோ நடக்கிறது என்று. பதினான்கு தடவை சொல்லிவிட்டு வந்த விருந்தாளியைத் திடீரென்று வந்தான் என்றால் அவன் என்ன செய்வான், பாவம்.

இத்தனை வருடத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான். எழுதியிருப்பதை ஒருத்தரும் படிப்பதில்லை. அதனால் எனக்கென்று ஒரு விதி வைத்திருந்தேன். யார் கூப்பிட்டாலும், ஸ்கிரீனில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து எனக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் நான் எதையும் தொட மாட்டேன். பாதிப் புகார்கள் அதிலேயே தீர்ந்துவிடும். வரி அலுவலகத்து டோரீன் அந்த வாரம் கூப்பிட்டதே சாட்சி.

"டேரில், இது செத்துப் போச்சு."

"ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்கு?"

"என்னமோ எழுதியிருக்கு."

"அந்த என்னமோவைப் படிங்க."

"'அப்டேட் தொடர, மின் இணைப்பைச் செருகவும்'... ஓ."

"ம்."

"நீ ரொம்ப மோசமான ஆளு, தெரியுமா?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

முப்பத்தெட்டு கம்ப்யூட்டர்கள் மட்டும் அடம் பிடித்தன. எல்லாம் எழுபத்தொரு சதவீதம் வரை போகும், நிற்கும், பின்னால் திரும்பிப் பழைய சிஸ்டத்துக்கே வந்துவிடும். ஒன்பது நாள் அதோடு மல்லுக்கட்டினேன். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தான் செய்ததை எல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கும், ஆயிரக்கணக்கான வரிகள். அவற்றைப் படித்துப் படித்து என் கண் இரண்டும் மிளகாய் தடவியது போல் ஆகிவிட்டன. கடைசியில் அகப்பட்டது. என்றோ ஒருகாலத்தில் எங்கோ வாங்கிய லேபிள் பிரிண்டர்கள், கோப்புகளில் ஒட்டும் சின்னச் சீட்டு அடிப்பவை. பிரிண்டர்களைத் தூக்கிப் போட்டு வருடங்கள் ஆகிவிட்டன. அவற்றுக்காக ஏற்றிய மென்பொருள் மட்டும் உள்ளேயே குந்தியிருந்து, புதிய சிஸ்டத்தின் காலை வாரிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கிப் போட்டேன். திங்கட்கிழமை முப்பத்தெட்டும் ஏறிவிட்டன.

எங்கள் தொழிலில் பேய்க்குப் பயப்படாதவர்கள் உண்டு. பிரிண்டருக்குப் பயப்படாதவர் கிடையாது. அந்த ஒரு வாரம் எனக்கு அந்தப் பயம் போயிருந்தது. கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

செவ்வாய்க்கிழமை விலக்குப் பட்டியலைத் திறந்தேன். இதை மட்டும் மாற்றாதே, இதற்கு எதையும் அனுப்பாதே என்று அந்தந்தக் காலத்தில் ஒதுக்கி வைத்தவற்றின் பட்டியல் அது. பதினொரு பெயர்கள். பத்து எப்போதோ குப்பைக்குப் போனவை. பதினொன்றாவது, மணல் கொட்டகை இரண்டு. ஊருக்கு வெளியே, பனிக்காலத்தில் சாலையில் தூவும் மணலைக் குவித்து வைத்திருக்கும் கொட்டகை. அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர். காரணம் என்ற கட்டத்தில் இப்படி இருந்தது: "லேபிள் பிரிண்டர். தொட வேண்டாம். தற்காலிகம்." தேதி ஒன்பது வருடத்துக்கு முந்தியது. யார் எழுதியது என்ற குறிப்பு இல்லை.

பிரிண்டர் என்ற ஒரு சொல்லைப் பார்த்து ஒன்பது வருடமாக இந்தப் பட்டியலைத் திறந்த அத்தனை பேரும் அப்படியே மூடியிருக்கிறார்கள். நானும் இரண்டு தடவை மூடியிருக்கிறேன். இந்தத் தடவை சிரிப்பு வந்தது. பிரிண்டர் பூதத்தை நான்தான் நேற்றே பிடித்துவிட்டேனே. பதினொன்றையும் பட்டியலிலிருந்து நீக்கினேன். மணல் கொட்டகையைப் பொறுத்தவரை, அது பழைய பெட்டி, உள்ளே இடம் போதாது. அப்படிப்பட்டவற்றை முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றும்படிதான் அமைத்திருந்தோம். துடைத்தால் என்ன, கம்ப்யூட்டருக்குள்ளே யாரும் எதையும் சேமித்து வைக்கக் கூடாது என்பது சட்டம். எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

புதன்கிழமை காலை ஐந்து பத்துக்குப் போன் அடித்தது. அந்த வாரம் முழுக்க ஐந்து மணிக்கே நான் அலுவலகத்தில். முதல் காப்பியைக்கூட வாயில் வைக்கவில்லை.

"கொட்டகையில இருந்து பேசறேன்," என்றது ஒரு கனத்த குரல். "கம்ப்யூட்டர் வேற மாதிரி இருக்கு."

"புது சிஸ்டம் ஏறியிருக்கு. ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்கு?"

பின்னால் லாரி எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

"ஹலோ? எழுதியிருக்கிறதைப் படிங்க."

"என்னோட படமெல்லாம் காணோம், தம்பி. பக்கத்துல பக்கத்துல சின்னதா இருக்கும்."

"படம் கிடக்கட்டும். எழுத்து என்ன இருக்கு? மொத வரியில இருந்து படிங்க. நீங்க படிச்சாத்தான் நான் எதுவும் பண்ண முடியும்."

போன் வைக்கப்பட்டுவிட்டது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு வரி படிக்க இவ்வளவு வலிக்கிறதா? எங்களிடம் வரும் ஒவ்வொரு புகாருக்கும் டிக்கெட் என்று ஒன்று உண்டு, முடிந்தால் காரணம் எழுதி மூட வேண்டும். எழுதினேன்: "பயனர் ஒத்துழைக்கவில்லை." மூடினேன். பிறகு காப்பி குடித்தேன்.

அன்று மத்தியானம் கணக்கு நானூற்றுப் பன்னிரண்டைத் தொட்டது. பட்டியல் காலி. பெர்னடெட் ஒரு டஜன் டோனட் வாங்கி வந்தார். இரண்டு பேருக்கு ஒரு டஜன். நான்கு தின்றுவிட்டு எனக்குத் தூக்கம்தான் வந்தது. சந்தோஷப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பெர்னடெட் என் மேசைப் பக்கம் வந்தார்.

"நெடுஞ்சாலைத் துறை ஃபோர்மன் கூப்பிட்டார். பதினாலாம் நம்பர் லாரி ரெண்டு நாளா வெளியே போகலயாம். வண்டியச் சோதிச்ச படிவம் வரல, படிவம் இல்லாம வண்டி எடுக்கக் கூடாதுல்ல? டிரைவர் முதுகுவலின்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடறாராம். கம்ப்யூட்டர்ல எதாவது கோளாறான்னு கேக்குறார். நாளைக்கு ஒரு அடிக்குப் பனி விழப் போகுது. நாளைக்கும் படிவம் வரலன்னா அந்த ஆளை விசாரணைக்குக் கூப்பிட்டு வேலைய விட்டே அனுப்பிடுவேன்னு குதிக்கிறார்."

"எந்தக் கொட்டகை?"

"ரெண்டு."

"அது நல்லாத்தான் இருக்கு. செவ்வாய்க்கிழமைதான் துடைச்சு ஏத்தினேன். விலக்குப் பட்டியல்ல இருந்துச்சு, ஏதோ லேபிள் பிரிண்டராம்."

பெர்னடெட் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதமே சரியில்லை.

"துடைச்சிட்டியா?"

"ஆமா."

"உள்ளே ஒரு போல்டர் இருந்திருக்குமே."

"இருந்தா போயிருக்கும். ஏன்?"

"அங்க பிரிண்டரே கிடையாது, டேரில். ஒருநாளும் இருந்ததில்ல. அத எழுதினது நான்தான்."

நடந்ததைச் சொன்னார். வண்டியை எடுக்குமுன் டிரைவர்கள் சுற்றிப் பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும், இருபத்து மூன்று கேள்விகள். முன்பெல்லாம் காகிதம். வெண்டெல் ஆஹோ என்ற அந்த டிரைவருக்கு எந்தக் கட்டம் எந்த இடத்தில் என்று மனப்பாடம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் படிவம் கம்ப்யூட்டருக்கு வந்தது. ஆட்கள் பார்க்காமலே டிக் போடுகிறார்கள் என்று, கேள்விகளின் வரிசையை அது தினமும் கலைத்துப் போடும். அதோடு வெண்டெல் மாட்டிக்கொண்டார். அப்போது பெர்னடெட் மேலாளர் ஆகவில்லை, என்னைப் போலவே இந்த வேலையில் இருந்தார். கொட்டகைக்கு ஏதோ சரிபார்க்கப் போனவர், அந்த ஆள் ஸ்கிரீனுக்கு முன்னால் வியர்த்துப்போய் நிற்பதைப் பார்த்திருக்கிறார்.

"அவருக்குப் படிக்க வராது," என்றார் பெர்னடெட். "எழுத்து நிக்க மாட்டேங்குதாம், நகருதாம். லைசென்ஸுக்கு வாய்மொழியாப் பரீட்சை குடுத்து வாங்கினவர். வண்டியைப் பத்தி அவருக்குத் தெரியாதது இல்ல. நான் ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்துலயும் சின்னதா ஒரு படம் வச்சேன். அழுத்தினா என் குரல்ல கேள்வி கேக்கும். இயர்போன்ல கேட்டுப் பதில் போட்டுடுவார்."

"சிஸ்டத்துலயே வாசிச்சுக் காட்டுற வசதி இருக்கே?"

"அது நம்ம கம்ப்யூட்டர்ல எல்லாம் பூட்டியிருக்கு. திறக்கணும்னா பணியாளர் துறைக்குப் படிவம் போடணும், ஃபோர்மனுக்கு ஒரு காப்பி போகும். சொல்லிப் பார்த்தேன். 'எனக்குப் படிவம் படிக்க வராதுன்னு நான் படிவம் எழுதிக் குடுக்கணுமா?'ன்னு கேட்டார். யாருக்கும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்தேன். பட்டியல்ல பிரிண்டர்னு எழுதினேன், ஒருத்தனும் கிட்ட வர மாட்டான்னு தெரியும். அப்புறம் நானே மறந்துட்டேன். அவர் ரிட்டயர் ஆகியிருப்பாருன்னு நினைச்சேன் போல. நினைக்கக்கூட இல்ல."

எனக்குப் புதன்கிழமை காலைப் போன் திரும்பக் காதில் கேட்டது. எஞ்சின் உறுமலும், மொத வரியில இருந்து படிங்க என்று நான் சொன்ன குரலும். அவமானத்தில் என் முகம் எரிந்தது. அந்தப் போனைப் பற்றிப் பெர்னடெட்டிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெண்டெலுக்குப் போன் செய்தார். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தார்.

"ரெண்டாவது ஆளுக்கும் தெரிஞ்சு போச்சுன்னு ஒத்துக்கிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். நாளைக் காலையில நானே வந்து திரும்பப் பேசித் தரேன்னு சொன்னேன். வேண்டாங்கிறார்."

"அப்புறம்?"

"'படி படின்னு சொன்னானே, அந்தப் பையன், அவனா?'ன்னு கேட்டார். ஆமான்னேன். 'அவனையே வந்து படிக்கச் சொல்லு'ன்னுட்டார்."

வெள்ளிக்கிழமை நாலரைக்கு நான் கொட்டகையில். பனி ஏற்கெனவே கணுக்கால் வரை. உள்ளே மணல் மலை, டீசல் வாசம், மூலையில் ஒரு ஹீட்டர், கம்ப்யூட்டர். வெண்டெல் ஆஹோவுக்கு அறுபது வயதிருக்கும். கை ஒவ்வொன்றும் சுரைக்காய் பருமன். இறைச்சி அடைத்த பேஸ்டி ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் பிடித்துத் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"வெண்டெல், அன்னைக்கு நான் பேசினது..."

"அதெல்லாம் அப்புறம். மத்த பசங்க அஞ்சரைக்கு வந்துடுவாங்க. மொதல்ல படி."

அவர் பெயரில் திறக்கும் படிவத்தில் படங்களை ஒவ்வொன்றாக வைத்தேன். மைக்கைச் செருகி முதல் கேள்வியை வாசித்தேன்: "முன்புற விளக்குகள் இரண்டும் பழுதின்றி எரிகின்றனவா?"

"நீ கோர்ட்டுல வாசிக்கிற மாதிரி வாசிக்கிற. பெர்னடெட் மனுஷி மாதிரி கேப்பா. அதுவும் இவ்வளவு வேகம் கூடாது."

திரும்பச் சொன்னேன். "முன் லைட் ரெண்டும் எரியுதா?"

"இப்ப சரி."

அப்படியே போனேன். பிரேக்கில் காற்று நிற்கிறதா, டயரில் வெட்டு இருக்கிறதா, கண்ணாடித் துடைப்பான் வேலை செய்கிறதா. நடுவில் என் தொண்டை கட்டிக்கொண்டது. அவர் தன் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றித் தந்தார், கேட்காமலே. கடைசி வரிக்கு வந்து மைக்கை அணைத்தேன். மணி ஐந்து.

"முடிஞ்சுது."

"முடியல. இருபத்திரெண்டுதான் படிச்சிருக்க."

"இல்லையே, எல்லாம்..."

"பக்கப் பலகையோட பின்னு. அதைக் காணோம்."

லாரியின் பக்கத்தில் இறக்கை போல நீண்டு பனியை ஒதுக்கும் பலகை அது. பட்டியலை மேலிருந்து பார்த்தேன். பன்னிரண்டாவது வரியில் இருந்தது. கண் அதைத் தாண்டிப் போயிருக்கிறது.

"எதை விட்டாலும் அதை விடக் கூடாது, தம்பி," என்றார் வெண்டெல். "ஓடறப்ப அந்தப் பின்னு கழண்டா, எதிர்ல வர்ற காரு மேல போய் விழும் பலகை. உள்ளே இருக்கிறவன் வீட்டுக்குப் போக மாட்டான்."

குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. படிக்கத் தெரிந்தவன் நான். விட்டவனும் நான். அந்தக் கேள்வியை மெதுவாகச் சொல்லிப் பதிந்தேன்.

அவர் இயர்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். லாரியைச் சுற்றி வந்தார், குனிந்தார், தட்டினார், வந்து பதில் போட்டார். இருபத்து மூன்றாவதை அழுத்தியதும் படிவம் போய்ச் சேர்ந்தது. இயர்போனைக் கழற்றினார்.

"ரொம்ப அலுத்த குரல் உனக்கு."

"மாத்திப் பேசித் தரட்டுமா?"

"வேணாம். காலங்காத்தால எனக்கும் அப்படித்தான் இருக்கும். குஷியா எவனாச்சும் பேசினாத்தான் எரிச்சலா வரும்."

மற்ற டிரைவர்கள் வருவதற்குள் கிளம்பிவிட்டேன். பதினாலாம் நம்பர் லாரி எனக்கு முன்னால் போனது. அது ஒதுக்கிக் கொடுத்த சாலையில், அதன் பின்னாலேயே அலுவலகம் வரை வந்து சேர்ந்தேன்.

எட்டு மணிக்குக் காப்பீட்டு நிறுவனத்தோடு பெர்னடெட் பேச வேண்டும். ஏழே முக்காலுக்கு அவர் கதவைத் தட்டினேன்.

"நானூத்திப் பன்னிரண்டும் புது சிஸ்டம்தான். ஆனா ஒண்ணை மட்டும் யாரும் துடைக்காதபடி விலக்குப் பட்டியல்ல திரும்பப் போடணும்."

"பட்டியல் காலின்னு நேத்தே அவங்களுக்கு எழுதிட்டேன்." நாற்காலியைப் போன் பக்கம் இழுத்துக்கொண்டார். "காரணம் என்னன்னு கேப்பாங்க."

"பிரிண்டர்."

ஸ்பீக்கரில்தான் பேசினார். அந்தப் பக்கம் ஒரு களைத்த ஆண் குரல். பட்டியலில் ஒன்று மட்டும் நிற்கிறது, லேபிள் பிரிண்டர் என்றார் பெர்னடெட். அந்தக் குரல் பெருமூச்சு விட்டது. "எங்க ஆபீஸ்லயும் ஒண்ணு இருக்கு மேடம்," என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டது.

என் இடத்துக்கு வந்து புதன்கிழமை டிக்கெட்டைத் திறந்து, "பயனர் ஒத்துழைக்கவில்லை" என்பதை அழித்தேன். அங்கே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. "என் தவறு" என்று எழுதி மூடினேன். பிறகு விலக்குப் பட்டியலில் மணல் கொட்டகை இரண்டைச் சேர்த்தேன். "லேபிள் பிரிண்டர். தொட வேண்டாம். டேரிலைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்." எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பின்னால் ஒருவன் வருவான், சூட்டிகையானவன், பிரிண்டருக்குப் பயப்படாதவன். போன தடவையும் தொட வேண்டாம் என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தது. நான் படித்தேன். தொட்டேன்.

திங்கட்கிழமை கிடங்கில் தேடி, தூசி படிந்த பழைய லேபிள் பிரிண்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். வெண்டெல் ஷிஃப்ட் முடிந்து பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். எதிலும் செருகவில்லை.

"என்ன அது?" என்றார்.

"பிரிண்டர்."

"வேலை செய்யுமா?"

"செய்யாது."

ஒரு பூட்ஸைக் கையில் பிடித்தபடி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, அந்தப் பிரிண்டரை வாசலில் நுழைகிறவர் கண்ணில் முதலில் படும்படி ஒரு சாண் முன்னால் நகர்த்தி வைத்தார்.